பேச்சு நின்ற பிறகும் பாட்டு: இசைச் சிகிச்சை ஓர் அறிமுகம்

மனிதன் பேசப் பழகுவதற்கு முன்பே கேட்கப் பழகிவிடுகிறான். தாயின் வயிற்றில் இருக்கும்போதே சிசுவின் காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. அவளது இதயத் துடிப்பும் குரலின் ஏற்ற இறக்கமும்தான் அதற்கு முதலில் அறிமுகமாகும் ஓசைகள். பிறந்த பிறகு தாலாட்டு. வளர்ந்த பிறகு வயலில் பொலிப்பாட்டு, கரையில் வலை இழுக்க அம்பாப் பாட்டு, கல்யாண வீட்டில் றபான். நம் முன்னோர் ஓசையையும் தாளத்தையும் வெறும் பொழுதுபோக்காக மட்டும் வைத்திருக்கவில்லை. உறங்க வைக்கவும், களைப்பை மறக்க வைக்கவும், பத்துப் பேரின் கைகளை ஒரே நேரத்தில் இயங்க வைக்கவும் அவற்றைப் பயன்படுத்தினார்கள்.

இதே ஓசைக்கும் தாளத்துக்கும் ஒரு நோயாளிக்கு உதவும் ஆற்றல் உண்டா? உண்டென்றால் எந்த நோய்க்கு, எந்த அளவுக்கு? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி என்ற வகையிலும், வீட்டில் ஒரு நோயாளியுடன் வாழ்பவள் என்ற வகையிலும் நான் தேடி வாசித்தவற்றை இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

இசைச் சிகிச்சை என்றால் என்ன?

மனது சரியில்லாத நேரத்தில் பிடித்த பாட்டொன்றைக் கேட்கிறோம். சற்று ஆறுதலாக இருக்கிறது. இது நல்லதுதான். ஆனால் இதற்கு இசைச் சிகிச்சை என்று பெயரில்லை. பயிற்சி பெற்ற ஒரு சிகிச்சையாளர், ஒரு குறிப்பிட்ட நோயாளியின் குறையை மதிப்பிட்டு, அடைய வேண்டிய இலக்கொன்றை வகுத்து, பாடுதல், தாளம் தட்டுதல், கேட்டல், வாசித்தல் போன்றவற்றை அந்த இலக்குக்காகப் பயன்படுத்தி, முன்னேற்றத்தை அளந்து பார்ப்பதே இசைச் சிகிச்சை. இங்கே நோயாளி நன்றாகப் பாடினாரா என்பது கேள்வியல்ல. பாடியதன் மூலம் அவருடைய கை அசைந்ததா, நாக்கு புரண்டதா, பயம் குறைந்ததா என்பதே கேள்வி.

ஆகவே இது ஒரு தொழில். ஐக்கிய அமெரிக்காவில் இதற்கான முதலாவது பட்டப்படிப்பு 1944ஆம் ஆண்டு மிச்சிக்கன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. இன்று அங்கு இசைச் சிகிச்சையாளராக வர விரும்புபவர் பட்டப்படிப்போடு 1200 மணித்தியாலச் செய்முறைப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். அதன் பின்னர் தகுதிப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும்.

பழைய வேர்கள்

இந்தத் துறை நேற்று முளைத்ததல்ல. முஸ்லிம் அறிஞர்களுக்கும் இதில் பங்குண்டு என்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவஞானி அல்-பாராபி இசையைப் பற்றி மிகப் பெரிய நூலொன்றை எழுதினார். துருக்கியின் எடிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1484 முதல் 1488 வரையான காலத்தில் பள்ளிவாசல், மருத்துவக் கல்லூரி, வைத்தியசாலை ஆகியவை சேர்ந்த ஒரு தொகுதியைக் கட்டுவித்தார். பதினேழாம் நூற்றாண்டில் அங்கு சென்ற பயணி எவ்லியா செலபி தாம் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். நோயாளிகளுக்காகப் பத்துப் பேர் கொண்ட இசைக் குழுவொன்று நியமிக்கப்பட்டிருந்தது. வாரத்தில் மூன்று நாட்கள் அவர்கள் பாடியும் வாசித்தும் வந்தார்கள். மனநோயாளிகளுக்கு மலர்களின் நறுமணமும் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. குவிமாடத்தின் கீழே ஓடிய நீரூற்றின் ஓசையும் சிகிச்சையில் சேர்ந்திருந்தது. அதே காலத்தில் உலகின் வேறு பல இடங்களில் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால், இதன் பெருமை விளங்கும். அந்த வைத்தியசாலை இன்று ஓர் அருங்காட்சியகம். 2004ஆம் ஆண்டு ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியக விருது அதற்குக் கிடைத்தது.

நவீன இசைச் சிகிச்சைக்கு வழி திறந்தவை இரண்டு உலகப் போர்கள். காயமடைந்தும் மனம் உடைந்தும் திரும்பிய படைவீரர்களுக்காக அமெரிக்க வைத்தியசாலைகளில் இசைக் கலைஞர்கள் வாசித்தார்கள். நோயாளிகளிடம் மாற்றம் தெரிவதை வைத்தியர்கள் கவனித்தார்கள். ஆனால் நன்றாக வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, நோயையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் விரைவில் புரிந்தது. அந்தத் தேவையிலிருந்துதான் பட்டப்படிப்பும், 1950இல் அமெரிக்கத் தேசிய இசைச் சிகிச்சைச் சங்கமும் பிறந்தன. இங்கிலாந்தில் ஜூலியட் அல்வின் 1958இல் அந்நாட்டுச் சங்கத்தை நிறுவினார்.

பேச முடியாதவர் பாடுவது எப்படி?

இசைச் சிகிச்சையின் பயன்கள் பல. அவற்றுள் எனக்கு மிக நெருக்கமான ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

என் உம்மம்மாவுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர் பாரிசவாதம் ஏற்பட்டது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சும் போயிற்று. எதைக் கேட்டாலும் “இல்ல, இல்ல” என்ற ஒரு சொல்தான் வரும். சாப்பிட வேணுமா என்றால் “இல்ல”. தட்டை எடுத்துப் போனால் கண்ணில் கோபம். சுகம் விசாரிக்க வந்தவர்கள் அவரின் கட்டிலருகில் இருந்துகொண்டே, “மனுசிக்கு மூள குழம்பிட்டு” என்று உம்மாவிடம் சொல்லிப் போவார்கள். உம்மம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மூளை குழம்பிய ஒருவர் எதற்காகச் சுவர்ப் பக்கம் திரும்ப வேண்டும்? அவருக்கு எல்லாம் விளங்கியது. சொற்கள்தான் வெளியே வரவில்லை. வைத்தியர்கள் இந்த நிலையை அஃபேசியா என்கிறார்கள். தமிழில் பேச்சிழப்பு எனலாம். 1861ஆம் ஆண்டு பிரெஞ்சு வைத்தியர் போல் புரோக்கா, இத்தகைய நோயாளி ஒருவர் இறந்த பின் அவரது மூளையைப் பரிசோதித்தார். இடது அரைக்கோளத்தின் முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருப்பதைக் கண்டார். பேச்சை உருவாக்கும் அந்தப் பகுதி இன்றும் அவருடைய பெயரால் ‘புரோக்கா பகுதி’ என்றே அழைக்கப்படுகிறது. அது பாதிக்கப்பட்டால் விளங்கிக்கொள்ளும் திறன் பெருமளவு எஞ்சியிருக்கும். ஆனால் நினைத்த சொல் நாவுக்கு வராது. இடது மூளை உடலின் வலப் பக்கத்தை இயக்குவதால், பேச்சோடு வலது கையும் சேர்ந்து பாதிக்கப்படுவது வழக்கம்.

இதில் ஒரு புதுமை உண்டு. பேச முடியாத இந்த நோயாளிகளில் பலரால் பாட முடிகிறது! பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சுவீடனில் ஒரு நோயாளியைப் பற்றி இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். பேச்சை இழந்த அவர் ஆலயத்தில் மற்றவர்களோடு சேர்ந்து பாடல்களைப் பாடினாராம். எங்கள் வீட்டிலும் இதைக் கண்டோம். றபீஉனில் அவ்வல் மாதத்தில் பக்கத்து வீட்டில் மௌலித் ஓதினார்கள். சிறு வயது முதல் கேட்டுப் பழகிய பைத் தொடங்கியதும் உம்மம்மா கட்டிலில் இருந்தபடியே கூடச் சேர்ந்து ஓதினார். ஒரு சொல்கூடத் தவறவில்லை. ஓதி முடிந்ததும் உம்மா ஓடிப்போய், “உம்மா, தண்ணி வேணுமா?” என்று கேட்டார். வந்த பதில் “இல்ல”. ஆனால் கை கோப்பையைப் பிடித்துக்கொண்டது.

இதற்கு விளக்கம் என்ன? புதிதாக ஒரு வாக்கியத்தை அமைத்துப் பேசுவது வேறு வேலை. பலநூறு தடவை சொல்லிப் பழகியதைத் தாளத்தோடு சொல்வது வேறு வேலை. முதலாவதற்குப் பெரும்பாலும் இடது மூளை பொறுப்பு. இராகத்தையும் பழகிய தொடர்களையும் கையாள்வதில் வலது மூளைக்கும் மூளையின் ஆழத்திலுள்ள பகுதிகளுக்கும் பெரும் பங்குண்டு. எனவே இடப் பக்கத்தில் பாதை அடைபட்டாலும், வேறு பாதைகள் திறந்தே இருக்கின்றன. உம்மம்மா தொழுகையில் ஓதும் ஸூறாக்களும் அவருக்கு மறக்கவில்லை. குர்ஆன் ஓதுவதை நாம் இசை என்று சொல்வதில்லை. ஆயினும் ஆழப் பதிந்த தொடர்கள் பேச்சிழப்பிலும் எஞ்சியிருக்கும் என்ற உண்மை இங்கும் பொருந்துகிறது.

இராகத்தில் ஒரு வாக்கியம்

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மார்ட்டின் அல்பர்ட், றொபர்ட் ஸ்பார்க்ஸ், நான்ஸி ஹெல்ம் ஆகிய மூவரும் இந்தத் திறந்த பாதையைப் பயன்படுத்த ஒரு முறையை வகுத்து 1973இல் வெளியிட்டார்கள். அன்றாடம் தேவைப்படும் சிறு வாக்கியங்களை இரண்டே இரண்டு சுருதிகளில், ஒன்று மேலே, மற்றது கீழே, இழுத்துப் பாடுவதே அந்த முறை. ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடது கையால் ஒரு தட்டு.

எங்களுக்கு ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் இதைக் கற்றுத் தந்தார். “தண்ணி வேணும்” என்பதை எடுத்துக்கொள்வோம். தண்-ணி-வே-ணும் என நான்கு அசைகள், நான்கு தட்டுகள். முதலில் சிகிச்சையாளர் வாயை மூடி இராகத்தை மட்டும் முனகுவார். நோயாளி கை தட்டுவார். பிறகு இருவரும் சேர்ந்து சொற்களைப் பாடுவார்கள். பிறகு பாதியில் சிகிச்சையாளர் குரலை நிறுத்துவார். மிச்சத்தை நோயாளி தனியே முடிப்பார். அதன் பின் முழுவதையும் தனியே பாடுவார். “என்ன வேணும்?” என்ற கேள்விக்கு விடையாகவும் அதையே பாடுவார். கடைசியில் இராகத்தை மெல்ல மெல்லக் குறைத்துச் சாதாரணப் பேச்சுக்குக் கொண்டு வருவார்கள்.

இது ஒரு நாளில் நடப்பதல்ல. சில ஆய்வுகளில் வாரத்துக்கு ஐந்து நாட்கள், நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் என்று பல வாரங்கள் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் உம்மா காலையிலும் நான் பாடசாலை விட்டு வந்த பின்னருமாகப் பயிற்சி நடந்தது. நான்கு மாதத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு வாக்கியங்கள் தேறின. யாரும் சொல்லிக் கொடுக்காமல் உம்மம்மா தானாகவே தட்டிச் சொன்ன முதல் வாக்கியம், தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்ன “சீனி காணாது” என்பதுதான். நீரிழிவுக்காரருக்குச் சீனி கூட்ட முடியாது என்று உம்மா மறுத்துவிட்டார். அன்று இருவருக்கும் சண்டை. இரண்டு வருடத்தில் நாங்கள் கேட்ட மிக இனிமையான சண்டை அது.

உலகறிந்த உதாரணமும் உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த கேப்ரியல் கிஃபர்ட்ஸ் 2011 ஜனவரி 8ஆந் திகதி தலையில் சுடப்பட்டார். இடது மூளையில் ஏற்பட்ட காயத்தால் பேச்சை இழந்தார். பேச்சுச் சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் அவருக்கு அளிக்கப்பட்டது. பல வருட முயற்சியின் பின் 2020இல் அவர் தமது கட்சியின் மாநாட்டில் உரையாற்றினார். ஆயினும் பேச்சிழப்பு இன்னும் அவரை முழுதாக விட்டு நீங்கவில்லை.

இந்த முறையில் வேலை செய்வது இராகமா, தாளமா, திரும்பத் திரும்பச் சொல்வதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பயிற்சி செய்த வாக்கியங்களில் முன்னேற்றம் நன்கு தெரிகிறது. பயிற்சி செய்யாத பேச்சில் அந்த அளவுக்குத் தெரிவதில்லை. இதையும் அறிந்துகொண்டு தொடங்கினால் ஏமாற்றம் இராது.

வேறு பயன்கள்

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில், நடக்க நினைத்தாலும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். சீரான தாளத்தைக் கேட்டு அதற்கேற்பக் காலடி வைக்கும்போது நடை இலகுவாகிறது. மைக்கல் தாவுட்டும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரங்கள் தாளத்தோடு பயிற்சி செய்த நோயாளிகளின் நடை வேகம் 25 சதவீதம் கூடியது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் இது உதவுகிறது. 11 வைத்தியசாலைகளில் 272 குழந்தைகளிடம் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்றில், பெற்றோர் தெரிவு செய்த பாடலைத் தாலாட்டாக மெதுவாகப் பாடியும், தாயின் வயிற்றில் கேட்கும் ஓசைகளை ஒத்த மென்மையான ஒலிகளை எழுப்பியும் பார்த்தார்கள். இதயத் துடிப்பு, உறக்கம், பால் உறிஞ்சுதல் ஆகியவற்றில் நன்மை தெரிந்தது. பெற்றோரின் பதற்றமும் குறைந்தது.

சத்திரசிகிச்சைக்கு உட்படுபவர்கள் இசை கேட்பது பற்றிய 73 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் லான்செற் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியானது. ஏறத்தாழ 7000 நோயாளிகளின் தரவுகள் அதில் உள்ளன. இசை கேட்டவர்களுக்கு வலியும் பயமும் குறைந்தன. வலிமருந்தின் தேவையும் குறைந்தது.

மறதி நோயாளிகளிடமும் இசையின் நினைவு நீண்ட காலம் நிலைத்திருக்கிறது. பிரித்தானிய இசைஞர் கிளைவ் வெயாரிங் 1985இல் மூளை அழற்சியால் நினைவை இழந்தார். சில வினாடிகளுக்கு முன் நடந்ததுகூட அவருக்கு நினைவில் நிற்காது. ஆனால் பியானோவின் முன் அமர்ந்தால் கைகள் தாமாக வாசிக்கும்.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

நன்மைகளை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையல்ல.

‘மொஸார்ட் கேட்டால் பிள்ளையின் மூளை வளரும்’ என்று விளம்பரப்படுத்தும் ஒலிநாடாக்களும் காணொளிகளும் ஏராளம். இதன் மூலம் 1993இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஒரு சிறு ஆய்வு. அதில் பங்குபற்றியவர்கள் குழந்தைகளல்ல, 36 கல்லூரி மாணவர்கள். ஒரு வகைப் புதிரில் அவர்கள் பெற்ற முன்னேற்றம் கால் மணித்தியாலத்துக்குமேல் நீடிக்கவில்லை. ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டுக் கொடுக்கப் பணம் ஒதுக்கக் கோரினார்! பெற்றோர் இத்தகைய பொருட்களுக்குக் காசு கொடுக்குமுன் ஒருமுறை சிந்திக்க வேண்டும்.

ஒட்டிசம் உள்ள 364 பிள்ளைகளிடம் ஒன்பது நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வொன்று 2017இல் வெளியானது. ஐந்து மாத இசைச் சிகிச்சை ஒட்டிசத்தின் முக்கிய அறிகுறிகளைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்பதே அதன் முடிவு. இதனால் இசை பயனற்றது என்றாகிவிடாது. பிள்ளை மகிழ்கிறது என்பதும் நோய் குறைகிறது என்பதும் இரு வேறு விடயங்கள் என்பதே பாடம்.

அரிதாகச் சிலருக்கு இசை கேட்பதே வலிப்பைத் தூண்டும். துயரத்தோடு பிணைந்த பாட்டு ஆறிய காயத்தைக் கிளறிவிடலாம். ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிவைத்துப் படிக்கும் தோழிகளுக்கு ஒரு கணக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி வளர்ந்தவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் கேட்கக் கூடாது. சத்தம் கூடக் கூட இந்த நேரம் வேகமாகக் குறையும். போன கேள்விப்புலன் திரும்பி வராது.

பெற்றோர் கேட்கக்கூடிய கேள்வி

“இசை நமக்கு ஆகுமா?” என்ற கேள்வி நம் வீடுகளில் எழுவது இயல்பு. இசைக் கருவிகள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தடுப்பவர்களும் உளர்; நிபந்தனைகளோடு அனுமதிப்பவர்களும் உளர். தீர்ப்புச் சொல்வது அவர்களின் பணி, மாணவியாகிய என் பணியல்ல. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மேலே விவரித்த பேச்சுப் பயிற்சிக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. மனிதக் குரலும், ஒரு கையும், மேசையின் விளிம்பும் போதும். நடைப் பயிற்சிக்கு வாயால் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும் தாளமே. ஒரு குடும்பம் எந்தக் கருத்தைப் பின்பற்றினாலும் தன் நோயாளியைக் கைவிட வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

ஒருவரின் முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கையை உயர்த்த முடியாமற் போனாலோ, பேச்சுக் குழறினாலோ அது பாரிசவாதமாக இருக்கலாம். எண்ணெய் தடவிப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் ‘சுவசெரிய’ அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். எனவே அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள்.

பேச்சு போய்விட்டால் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி வைத்தியரிடம் கேளுங்கள். நாமாகப் பாட்டுப் போட்டுச் சிகிச்சை தொடங்காமல், அவர் காட்டித் தரும் முறையை வீட்டில் தொடருங்கள். நோயாளியிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்டு, விடைக்காகப் பொறுத்திருங்கள். அவர் சொல்லத் தடுமாறும் வாக்கியத்தை அவசரப்பட்டு முடித்து வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்கு எதுவும் விளங்காது என்று எண்ணி அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிக் கதைக்காதீர்கள்.

உயர்தரம் கற்கும் தோழிகளே, நம் நாட்டில் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் பேச்சு மற்றும் கேட்டல் விஞ்ஞானத்தில் பட்டப்படிப்பை நடத்துகிறது. உயிரியல் என்றால் வைத்தியர் மட்டும்தான் என்று நினைக்கும் நமக்கு இப்படியொரு துறை இருப்பதே தெரிவதில்லை. தமிழ் பேசும் நோயாளிக்குத் தமிழில்தான் பயிற்சி கொடுக்க வேண்டும். “தண்ணி வேணும்” என்பதை எந்த அசையில் உயர்த்தி எந்த அசையில் தாழ்த்துவது என்பது அந்த மொழியில் வளர்ந்தவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நம்மில் இருவர், மூவராவது இந்தத் துறைக்குள் போனால், சொல்ல நினைத்தும் சொல்ல முடியாமல் கட்டில்களில் கிடக்கும் எத்தனையோ பேரின் வாய் திறக்க, அல்லாஹ்வின் உதவியால், நாமும் ஒரு காரணமாகலாம்.